மாத்திரை வருவதற்கு முந்தைய பதினெட்டு வருஷங்கள்

டிசம்பர் 1 வந்தால் கல்லூரிகளில் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். சட்டையில் ஒரு சிவப்பு ரிப்பன், மெயின் கார்டு கேட்டிலிருந்து ஒரு பேரணி, மதியம் பேச்சுப் போட்டி, மூன்று பேருக்கு பரிசு. தலைப்பு வருஷா வருஷம் மாறாது: எய்ட்ஸை ஒழிப்போம். நான் படிக்கும் இடத்திலும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் எச்.ஐ.வி. உள்ள ஒருவரை மேடைக்கு அழைத்து, 'நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள், உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்' என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில். அரசாங்கம் இலவசமாக கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ல். நடுவில் பதினெட்டு வருஷம். ஒரு குழந்தை பிறந்து ஓட்டுப்போடும் வயதுக்கு வந்துவிடும். அந்தப் பதினெட்டு வருஷமும் கிருமியோடு இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 'செத்துப்போனார்கள்' என்பதுதான் பலருடைய பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம் பாடப்புத்தகங்களில் இல்லை.

முதலில் 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவிக்கு வயது 32. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், ஆய்வுக்கு ஒரு தலைப்பைச் சொல்கிறார்: இங்கே எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார். 'இது அமெரிக்கர்களின் வியாதி, நம் கலாசாரத்துக்கு வராது' என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். நிர்மலாவை அவர் கணவர்தான் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய் விடுவார். அரசு காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேல் மாதிரிகள். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். பிறகு ஐஸ் பெட்டியோடு வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்ததில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. பிறகு அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

இந்தக் கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும்தான். ஆய்வுக்கூடமே சரியாக இல்லாத ஒரு மாணவி செய்த வேலை அது. ஆனால் கதையின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக்கொண்டார்கள். இதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்தவர்களின் பெயர்களை நாம் தெரிந்து வைத்திருக்கிறோம், நியாயம். அந்த ஆறு பேரின் பிற்கால வாழ்க்கை எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. நம் மாநிலத்தில் எச்.ஐ.வி. உள்ளோரின் சரித்திரம் இந்த மௌனத்தில்தான் தொடங்குகிறது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். விபசாரத் தடுப்புச் சட்டத்தில் பிடிபடும் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல் அந்தப் பெண்கள் வெளியே வந்தார்கள். அதே வருஷம்தான் பம்பாயிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களை ஒரு தனி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ரயிலுக்கு 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வேறு! வந்து இறங்கியதும் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மறுபடி காப்பகம். முக்தி யாருக்குக் கிடைத்தது என்று தெரியவில்லை. சியாமளா நடராஜ் அதன் பிறகு 'சியாப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அன்றைய கொள்கை எளிமையானது. கிருமி உள்ளவர் ஓர் ஆபத்து. ஆபத்தைப் பூட்டி வை. அவருக்கும் ஓர் உடம்பு இருக்கிறது, அதை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது யார் கணக்கிலும் இல்லை.

இங்கே கொஞ்சம் வெளியுலகத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1983-லேயே, அந்த வியாதிக்கு என்ன காரணம் என்று உறுதியாகத் தெரியாத காலத்தில், டென்வர் நகரத்தில் நடந்த ஒரு மாநாட்டில் சில நோயாளிகள் மேடை ஏறி ஓர் அறிக்கை படித்தார்கள். எங்களை 'பலியானவர்கள்' என்று சொல்லாதீர்கள், 'நோயாளிகள்' என்பதும் எப்போதாவதுதான் பொருந்தும், நாங்கள் எய்ட்ஸோடு வாழும் மனிதர்கள் என்பது அதன் சாரம். எங்கள் சிகிச்சையைப் பற்றிய முடிவில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். 1994 டிசம்பரில் பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்திட்ட அறிக்கையில் அந்த எண்ணம் அரசுகளின் மொழியில் இடம்பெற்றது.

தமிழில் இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். முதலில் 'எய்ட்ஸ் நோயாளி'. அப்புறம் 'எய்ட்ஸால் பாதிக்கப்பட்டோர்'. பிறகுதான் 'எச்.ஐ.வி. உள்ளோர்'. இந்த 'உள்ளோர்' என்ற சொல்லை யார் முதலில் சொன்னார்களோ, அவர்களுக்கு ஒரு வணக்கம். 'பார்வை உள்ளோர்', 'வசதி உள்ளோர்' என்பது போல, பழியும் இல்லை, பரிதாபமும் இல்லை. பேச்சு வழக்கில் 'பாசிட்டிவ்' என்பார்கள். 'அவரும் பாசிட்டிவ்தான்' என்று ஒருவர் இன்னொருவரை அறிமுகம் செய்யும்போது அதில் ஒரு சொந்தக்காரத் தோரணை வந்துவிடுகிறது.

1997-ல் சென்னையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து இந்தியாவின் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அசோக் பிள்ளை என்பவர் அதன் முன்னணியில் இருந்தார். பதின்ம வயது முடியுமுன் கடற்படையில் இருந்தபோது தொற்று தெரியவந்தவர். முகத்தை மறைக்காமல் மேடையில் பேசியவர்களில் ஒருவர். 2002-ல் காலமானார். அதாவது, இலவச மருந்து வர இரண்டு வருஷம் இருக்கும்போது. 1998-ல் பி. கௌசல்யா முன்னின்று பெண்களுக்கான தனி அமைப்பு உருவானது. நாமக்கல் பகுதியிலிருந்து வந்தவர், லாரி ஓட்டும் உறவுக்காரரைக் கல்யாணம் செய்துகொடுத்ததில் தொற்று வந்தவர். தன் பெயரையும் முகத்தையும் அவரே பொதுவெளியில் வைத்ததால்தான் நானும் எழுதுகிறேன். ஆண்கள் சங்கத்தில் பெண்களின் விஷயம் பேச முடியாது என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. புருஷன் செத்த பிறகு மாமியார் வீட்டில் சொத்து தராமல் துரத்துவது, 'உன்னால்தான் என் பையன் போனான்' என்பது, கர்ப்பமாக இருக்கும்போது ஆஸ்பத்திரியில் தொடமாட்டேன் என்பது... இதையெல்லாம் எந்த ஆண் கூட்டத்தில் சொல்வது?

சரி, இந்தச் சங்கங்களில் உட்கார்ந்து என்னதான் செய்தார்கள்? மருந்து இல்லை. மருந்து 1996-லேயே உலகத்தில் வந்துவிட்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் கிருமியை அடக்கலாம் என்று அந்த வருஷம் வான்கூவர் மாநாட்டில் காட்டினார்கள். விலை ஒருவருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். நம் ஊரில் யார் வாங்குவது? ஆகவே மருந்து இல்லாமல் உடம்பை எவ்வளவு நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதுதான் அவர்களுடைய பாடத்திட்டம்.

அதில் முதல் பாடம் காசநோய். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொன்றது காசநோய்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வியர்வை, எடை குறைவது என்றால் காத்திருக்காதே, சளியைச் சோதித்துவிடு. காசநோயைக் குணப்படுத்த முடியும். அதற்கான மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். இது தெரிந்தவர் இரண்டு மூன்று வருஷம் கூடுதலாக வாழ்ந்தார். தெரியாதவர் 'எய்ட்ஸ் முற்றிவிட்டது' என்று நினைத்துக் கட்டிலில் படுத்தார். இரண்டாவது, கோட்ரைமாக்சசோல். செப்ட்ரான் என்ற பெயரில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற மலிவான மாத்திரை. எதிர்ப்புச் சக்தி விழுந்தவர்கள் தினமும் எடுத்துக்கொண்டால் ஒரு வகை நிமோனியாவையும் மூளைக்குப் போகும் ஒரு தொற்றையும் தள்ளிப்போடலாம். மூன்றாவது, தண்ணீர். கொதிக்கவைத்து ஆறவைத்தது மட்டும். ஆடி மாதம் காவிரியில் புதுத் தண்ணீர் வரும்போது நம்மில் பலருக்கு வயிறு ஒருநாள் சரியில்லாமல் போய்ச் சரியாகிவிடும். அவர்களுக்கு அது மூன்று வாரம் நீளும். உப்பு-சர்க்கரைக் கரைசல், கஞ்சி, முட்டை, முருங்கைக்கீரை, வாயில் வெள்ளை படர்ந்தால் உடனே காட்டுவது, மாதாமாதம் எடையைக் குறித்துக்கொள்வது.

ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் இதற்கே இன்று ஒரு துறை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் மூட்டுவலிக்காரர்களிடம் ஆரம்பித்து, நீண்டகால நோய் உள்ளவர்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளப் பயிற்சி வகுப்புகளை உருவாக்கினார். அதில் முக்கியமான அம்சம்: நடத்துபவர்களும் பெரும்பாலும் அப்படி நீண்டகால நோய் உள்ளவர்கள்தான். பிற்பாடு எச்.ஐ.வி.க்கும் அப்படி ஒன்று வந்தது. நம் சங்கங்கள் பாய் விரித்து, டீ வாங்கிக் கொடுத்து அதே வேலையைச் செய்தன. பாடத்திட்டத்தை அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தாம்பரம் இந்தக் காலத்தின் பெரிய கதை. 1928-ல் டேவிட் சவரிமுத்து என்ற மருத்துவர் காசநோய்க்காக ஆரம்பித்த இடம் அது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஊர்க்காரர்களுக்கு 'சானடோரியம்', ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். தொண்ணூறுகளில் மற்ற ஆஸ்பத்திரிகள் கை கழுவிய எச்.ஐ.வி. உள்ளோரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் சேர்த்துக்கொண்டார். நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. உள்ளோர் வந்துபோகும் இடங்களில் ஒன்றாக அது ஆனது.

அங்கே அவர் கொடுத்தது சித்த மருந்து! அவரோ ஆங்கில மருத்துவம் படித்தவர். ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். சாப்பிட்டவர்களுக்குப் பசி எடுத்தது, எடை ஏறியது என்றார்கள். ஆனால் மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையான சோதனை எதுவும் அது கிருமியை அடக்கும் என்று நிரூபிக்கவில்லை. ரசகந்தி மெழுகில் பாதரசம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இன்று ஒருவர் கூட்டு மருந்தை விட்டுவிட்டு அதைச் சாப்பிட்டால் அது தற்கொலை. ஆனால் 1995-ல்? வேறு எதுவுமே இல்லாதபோது, ஒரு படுக்கையும், தொட்டுப் பார்க்கும் ஒரு டாக்டரும், மூன்று வேளை சாப்பாடும், 'சாப்பிடு, எடை ஏறும்' என்ற வார்த்தையும் கிடைத்த இடம் அது. எதனால் பசி எடுத்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மருந்தை நம்பாதவனும் அந்த வார்டை மதிக்கலாம் என்பது என் கட்சி. அதே காலத்தில் பத்திரிகைகளில் 'எய்ட்ஸைக் குணப்படுத்துகிறோம்' என்று விளம்பரம் கொடுத்து நிலத்தை விற்கவைத்த பேர்வழிகளோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருச்சி ஒரு சந்திப்பு. சென்னை, மதுரை, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை என்று எல்லா ரோடும் இங்கே வந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். முசிறி, தொட்டியம் வழியாகப் போனால் லாரிகளின் தலைநகரமான நாமக்கல். தொண்ணூறுகளில் இந்த நோயைப் பற்றிய பேச்சில் நாமக்கல் பெயர் அடிபடாத நாள் கிடையாது. மாநிலம் முழுவதுமே கர்ப்பிணிப் பெண்களிடம் எடுத்த கணக்கில் தொற்று 2001-ல் ஒரு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இன்று அதில் ஒரு சிறு பங்குதான்.

அந்த நாட்களில் இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் மருத்துவம் பார்க்க எங்கே போவார்? புத்தூர் பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் ராத்திரி ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை தாம்பரம். முந்நூறு கிலோமீட்டர். வைத்தியம் அங்கேதான் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். யார் எந்த ஆட்டோவில் ஏறி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். தீவில் வாழ்வது என்றால் சும்மாவா! ஆகவே தூரம்தான் பாதுகாப்பு. தெரிந்த முகம் இல்லாத வார்டுதான் நல்ல வார்டு. உடம்பைப் பார்த்துக்கொள்வதில் பாதி, அதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. எந்த மருத்துவக் கையேட்டிலும் இந்த அத்தியாயம் இல்லை.

ஊர் வாயை மூடவைக்க வேண்டிய விழிப்புணர்வு விளம்பரங்கள் சில சமயம் ஊர் வாய்க்கு அவல் போட்டன. 2003-ல் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டது எங்கள் அண்ணன்மார் தலைமுறைக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பேசக் கூசிய விஷயத்தை டீக்கடையில் பேசவைத்தது, அந்த வகையில் வெற்றிதான். ஆனால் புள்ளிராஜா ஒரு கேலிச் சொல்லாகவும் ஆகிவிட்டார். கேலி செய்யப்படும் ஒரு பெயரோடு தன் வியாதி ஒட்டிக்கொண்ட ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளம்பரம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியாது.

அந்தப் பக்கம் மருந்து விலை சரிந்துகொண்டிருந்தது. நம் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராது, செய்முறைக்கு மட்டும்தான் தரும். அதனால் இந்தியக் கம்பெனிகள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய முடிந்தது. 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்து தருகிறேன் என்று அறிவித்தார். அன்றைய மதிப்பில் பதினாறாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆப்பிரிக்காவுக்கு மருந்து போனது. இங்கே கூலி வேலை செய்பவருக்கு அந்தப் பதினாறாயிரமும் எட்டாக்கனிதான். 2003-ல் மத்திய அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவிக்க, 2004 ஏப்ரலில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து ஆரம்பமானது. அதில் தாம்பரமும் ஒன்று. 2005-ல் காப்புரிமைச் சட்டம் மாறிவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

மருந்து வந்தால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் சங்கங்களின் பழைய பாடம் கைகொடுத்தது. மருந்து எல்லாருக்கும் உடனே கிடைக்காது, சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால்தான். அதாவது விழுந்த பிறகுதான் தூக்கிவிடுவார்கள். கிடைத்த பிறகு காலை ஒன்று, ராத்திரி ஒன்று, பன்னிரண்டு மணி நேர இடைவெளி, வாழ்நாள் முழுக்க. நூறு வேளையில் ஐந்து வேளைக்கு மேல் தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முதல் கூட்டு தோற்றால் அடுத்த கட்ட மருந்து 2008 வரை அரசாங்கத்தில் கிடையாது. அதனால் ஒரு வேளை மறந்தால் போகட்டும் என்று இருக்க முடியாது.

பக்க விளைவுகளும் இருந்தன. நெவிரபின் முதல் பதினாலு நாள் ஒரு வேளைதான், பிறகுதான் இரண்டு வேளை; தோலில் தடிப்பு வந்தால் உடனே ஓட வேண்டும். ஸ்டாவுடின் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் தரும், நாளாக ஆகக் கன்னத்துச் சதை வற்றும். வற்றிய கன்னமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அந்த மருந்தை வெறுத்தவர்கள் பலர். பிறகு அந்த மருந்து கைவிடப்பட்டது. இதையெல்லாம் டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பாசிட்டிவ்தான் சொல்வார். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வைட்டமின் டப்பாவில் போட்டுக்கொள்வது, கல்யாண வீட்டில் ஒன்பது மணி மாத்திரையை எப்படி விழுங்குவது, வைகுண்ட ஏகாதசிக்கு விரதம் இருப்பவர் என்ன செய்வது, ரமலான் மாதத்தில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் வேளையை எப்படிப் பொருத்துவது... மனிதர் வாழும் வாழ்க்கைக்குள் மருந்தை நுழைக்கும் வேலை இது. அமெரிக்காவில் அச்சடித்த கையேட்டில் ஏகாதசி இருக்காது.

கல்யாணம் கூட. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில், எச்.ஐ.வி. உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் வரன் பார்த்துக் கொடுத்தார். ஜாதகத்துக்குப் பதிலாக சி.டி.4 எண்! 1986-ல் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறக் காரணமாக இருந்தவர், கடைசியில் தரகர் வேலையும் பார்த்தார். 2015-ல் காலமானார், 2017-ல் பத்மஸ்ரீ.

நிற்க. இதுவரை சொன்னது தமிழ் பேசும் ஊரில் தமிழ் பேசுகிறவர்களின் கதை. தமிழர்களே சிறுபான்மையாகிவிட்ட ஊரில்? சென்னையில் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட அதே 1986-ல், ஆகஸ்ட் மாதம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். டொராண்டோவில் தமிழர் கூட்டம் பெருகிய காலம் அது. அந்த நகரத்தில் 1989-ல் தெற்காசியர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் எய்ட்ஸ் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். லண்டனில் 1991-ல் சிவானந்த கான் 'நாஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே மருந்தும் ஆஸ்பத்திரியும் நம்மைவிட முன்னால் இருந்தன. ஆனால் ஆலோசனை ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளரை அழைத்தால் அவர் நம் சித்தப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே கோயில், ஒரே மளிகைக்கடை. ஸ்ரீரங்கத்து வீதி கடல் தாண்டியும் கூடவே போகிறது! அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கு, பரிசோதனை செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால்தான் தமிழ், பஞ்சாபி, உருது, வங்காளம் என்று அவரவர் மொழியில் துண்டுப் பிரசுரமும், அவரவர் மொழியில் தொலைபேசி எடுக்கும் ஆளும் தேவைப்பட்டது.

இங்கேயும் சிறுபான்மை உண்டு. திருநங்கைகள் ஆஸ்பத்திரியில் ஆண் வரிசையா பெண் வரிசையா என்ற கேள்வியிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். 2008-ல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது, நாட்டிலேயே முதலில். 1998-ல் சென்னையில் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள் அந்த வரிசையில் கூடவே நிற்க ஆள் அனுப்பின. இப்போது திருச்சியில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். நம் அண்ணன்மார் டொராண்டோவில் எப்படி இருந்தார்களோ, அப்படித்தான் அவர்கள் இங்கே. 'சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன்' என்பதை அவர்கள் மொழியில் யார் சொல்வது என்பது சின்னக் கேள்வி இல்லை.

இன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-லிருந்து சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று தெரிந்த உடனே மருந்து. இப்போது பெரும்பாலோருக்கு டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு வேளை. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. இது நிரூபிக்கப்பட்ட விஷயம், நம் பேச்சுப் போட்டிகளில்தான் இன்னும் வரவில்லை. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வேலையிலோ படிப்பிலோ ஆஸ்பத்திரியிலோ பாகுபாடு காட்டக் கூடாது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. 1986-ன் அந்த ஆறு பேருக்கு இந்தச் சட்டம் முப்பத்திரண்டு வருஷம் தாமதம். புத்தூர் பெரியாஸ்பத்திரியிலும் கூட்டு மருந்து மையம் இருக்கிறது, ராக்ஃபோர்ட் பிடிக்க வேண்டியதில்லை.

2020-ல் ஊரடங்கு வந்தபோது பஸ் இல்லை, ரயில் இல்லை. மாதாமாதம் கொடுத்த மருந்தை இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம், வேறு ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் பக்கத்து மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. உத்தரவு டெல்லியிலிருந்து வந்தது. மாத்திரையைக் கொண்டுபோனவர்கள் பல இடங்களில் பழைய சங்கத்து ஆட்கள்தான். யார் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், யார் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சில வீடுகளில் கதவைத் தட்டினார்கள், சில பேரைத் தெருமுனைக்கு வரச் சொன்னார்கள்.